நாத்தனாரை மறித்த நாள்

வலைப்பந்தில் பந்தை வளையத்துக்குள் போடுகிறவளைத்தான் ஊர் பார்க்கும். கைதட்டல் அவளுக்கு, சோடா அவளுக்கு. அவளைப் போட விடாமல் மறிக்கிறவள் ஒருத்தி இருப்பாள். அவளைப் பார்த்தால், இந்தச் சனியன் ஏன் குறுக்கே நிற்கிறது என்றுதான் தோன்றும். நான் அந்தச் சனியன். ஹட்டனில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்தில் போர்டிங்கில் இருந்து படித்த காலம் முழுக்க நான் மறிக்கிற இடத்தில்தான் நின்றேன். முதலில் என் உயரத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். பிறகு என் குணத்தைப் பார்த்து அங்கேயே விட்டுவிட்டார்கள்.

மறிப்பது என்றால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இந்த விளையாட்டில் பந்தைப் பிடித்தவள் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்த இடத்திலேயே நின்று, மூன்று எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். மறிக்கிறவள் அவள்மேல் படக்கூடாது. பந்து அவள் கைக்கு வந்துவிட்டால் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். ஆகையால் மறிப்பவளின் வேலை பெரும்பாலும் பந்து வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். அவளுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு தோளை முன்னால் போட்டு, ஒரு கண் அவள்மேலும் ஒரு கண் பந்தின்மேலுமாக நிற்க வேண்டும். முகத்தைப் பார்க்கக்கூடாது. முகம் பொய் சொல்லும். கண் இந்தப் பக்கம் பார்க்கும், கால் அந்தப் பக்கம் போகும். இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு போகாத பக்கம் ஆள் போக முடியாது. எட்டி வைக்காமல், குதிகாலைத் தரையில் பதிக்காமல், சின்னச் சின்னதாகக் காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நான்கு பக்கமும் அடைக்கப் பார்க்கக்கூடாது. அடைத்தால் எங்காவது பிய்த்துக்கொண்டு பாய்ந்துவிடுவாள். ஒரு பக்கத்தைத் திறந்து விட வேண்டும், நமக்கு வேண்டிய பக்கத்தை. தன் இஷ்டத்துக்குத்தான் ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவள் அந்தப் பக்கம் ஓடுவாள். ஓடிக் கோட்டோரத்தில் போய் நிற்பாள். அங்கே அவளுக்கு யாரும் பந்து எறிய முடியாது.

பத்தாம் வகுப்போடு அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். வந்த வாரமே பேர் பதிந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிவிட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. கொத்மலையில் அணைக்கட்டு வேலைக்கு வெடி வைக்கும் சத்தம் மலைக்கு மலை உருண்டு வரும்; நாங்கள் தலையைத் தூக்காமல் கொழுந்தெடுப்போம். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது சிஸ்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாலர் வகுப்பு டீச்சர் பயிற்சிக்குத் தை மாதம் ஆள் எடுக்கிறோம், உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், அப்பாவின் சம்மதத்தோடு வா என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கொழுந்து மலையிலும் அதே நினைப்பு, பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதே நினைப்பு. தை வரைக்கும் என்னை யாருக்கும் நிச்சயம் பண்ணாமல் இருந்தால் போதும், அப்பாவை எப்படியாவது கரைத்துவிடலாம் என்று நம்பினேன்.

ஆனால் மாப்பிள்ளை தயாராக இருந்தான். அப்பாவின் அக்கா நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தையின் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. கல்யாண வீடுகளில் அவனைப் பார்த்திருக்கிறேன். வெறுப்பும் இல்லை, விருப்பமும் இல்லை. அங்கே போனாலும் இதே வரிசை வீட்டு லயம், இதே கூடை, கூடுதலாகக் கொஞ்சம் குளிர். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் யாரும் என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அந்த வாய் எனக்கு உண்டு. பீலிக்குப் போனால் அம்மா பின்னாலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். மலையில் சித்தி எனக்குப் பக்கத்தில் நிற்பாள். கடைக்குப் போனால் அண்ணனுக்கும் கடையில் ஏதோ வேலை இருக்கும். ஒரே ஒரு காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், புரண்டு படுத்தால்கூட "என்னா புள்ள, தூக்கம் வல்லியா" என்று கேட்பார்கள். ஹட்டனுக்கு ஒரு எட்டுப் போய் சிஸ்டரைப் பார்த்து வருகிறேன் என்றால், "போலாம், போலாம், மழை விடட்டும்" என்பார் அப்பா. மழை எங்கள் ஊரில் எப்போது விட்டது? அத்தை வீட்டுக்கு மட்டும் எந்த மழையிலும் போகலாம். "ஒரு நட போயி நாலு நாளு இருந்துட்டு வாயேன்" என்று அதை மட்டும் ஓயாமல் சொல்வார்கள். ஒருநாள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. இவர்களில் ஒருவர்கூட வலைப்பந்து பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு மறிப்பது எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு நலன்புரி அதிகாரி வந்தார். சிங்களப் பெண், நல்ல மனுஷி. மிஸ் என்று கூப்பிடுவோம். தோட்டத்துக்குத் தோட்டம் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு வலைப்பந்துப் போட்டி வைக்கப் போகிறோம் என்றார். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பம் நட்டு, இரும்பு வளையம் மாட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். களத்தின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. மறுபக்கம், கோட்டை ஒட்டினாற்போல் மழைத்தண்ணீர் ஓடுகிற காண். பள்ளிக்கூடத்தில் விளையாடியவள் என்று நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதால், மறிக்கிற பெண்களைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பழக்கிப் பார்த்தால் தெரியும் அந்தக் கூத்து. கொழுந்து மலையில் காலையில் கங்காணி ஆளுக்கொரு நிரை கொடுப்பார். செடிகளுக்கு நடுவே மேலிருந்து கீழே இறங்குகிற அந்த வரிசை அன்றைக்கு அவளுடையது. அடுத்தவள் நிரையில் கை வைக்கக்கூடாது. வைத்தால் சண்டை லயம் வரைக்கும் வரும். எங்கள் பெண்கள் அதே பழக்கத்தோடு களத்துக்கும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு இடம் என்று மிஸ் சொன்னதை ஆளுக்கொரு நிரை என்று எடுத்துக்கொண்டார்கள். பந்து தன் நிரையில் வந்தால் புலிப் பாய்ச்சல். ஓரடி தள்ளிப் போனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை. எதிர்ப்பக்கத்துப் பெண் இரண்டு நிரைக்கும் நடுவில் காலாற நின்று பந்தை வாங்கி, வளையத்தில் போட்டுவிட்டு, கூந்தலையும் அள்ளி முடிந்துகொண்டு போனாள்.

"ஏங்க்கா புடிக்கல? கைக்கு எட்டுற தூரந்தானே?" என்று ஓர் அக்காவிடம் கேட்டேன்.

"அது அவ நெரைல்ல? நான் பூந்தா அவ சும்மா இருப்பாளா?"

அந்த மற்றவள் நிதானமாகச் சொன்னாள்: "நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா மனசுல வச்சிக்குவேன்."

இரண்டு நாள் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. எல்லோரையும் உட்கார வைத்து, "தரையப் பாக்காதீங்க. ஆளுக்கொரு பொண்ணு தர்றேன். அந்தப் பொண்ணுதான் ஒங்க நெரை. அவ நடந்தா நெரையும் நடக்கும், அவ ஓடுனா நெரையும் ஓடும்" என்றேன்.

"ஓடுற நெரையா? நல்லவேளை, கங்காணி இல்ல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அன்றிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை. ஓர் அக்கா, தனக்குக் கொடுத்த பெண் தண்ணீர் குடிக்கப் போனபோதும் கூடவே போய் நின்றாள். மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் போட்டி எந்தத் தோட்டத்தோடு என்று மிஸ் வந்து சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அத்தையின் தோட்டம். அவர்கள் பக்கம் பந்து போடுகிறவள் அத்தையின் மகள்; எனக்கு நாத்தனாராக வரப்போகிறவள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தவள். அவளை மறிக்க வேண்டியது நான். போட்டி பார்க்க அத்தையும் லொறியில் வருகிறாள், வந்த கையோடு கல்யாணப் பேச்சையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றார் அப்பா. தைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அன்றைக்குக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் யோசித்தேன். அழுதால் அம்மாவும் சேர்ந்து அழுவாள், கல்யாணம் நடந்துவிடும். மறுத்தால் அப்பா சாப்பிடாமல் கிடப்பார், கல்யாணம் நடந்துவிடும். நான் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, அத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்கு வழி இருந்தது. அத்தைக்கு மகள் என்றால் உயிர். ஒரு கல்யாணப் பந்தியில் மகளுக்கு இரண்டாவது தடவை பாயசம் விசாரிக்கவில்லை என்று இலையை மூடிவிட்டு எழுந்து வந்தவள் அவள். அந்த வீட்டோடு அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதுவும் கிடையாது. இரண்டு தோட்டத்துச் சனத்துக்கு முன்னால் அந்த மகளை ஒரு பந்துகூடப் போட விடாமல் நான் மூலையில் நிறுத்தினால், அத்தை இலையை மூட மாட்டாளா?

போட்டியன்று காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். "நாத்தனா புள்ள. பாத்துப் பதனமா வெளாடு. விட்டுக் குடுத்தா ஒன்னும் கொறஞ்சிற மாட்டே."

அப்பா வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு மூணு கோலு போட விடும்மா. அத்தைக்கு மனசு குளிரும். என்னா?"

"சரிங்கப்பா" என்றேன். இவ்வளவு லேசாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை. அம்மாகூட ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தாள்.

அத்தை மகள் பதினாறு வயதுப் பெண். ஒல்லி, இரட்டைப் பின்னல், வாயெல்லாம் பல். லொறியிலிருந்து குதித்ததும் நேராக என்னிடம் ஓடி வந்து, "மதினி, நீங்கதான் என்னைய மறிக்கப் போறீங்களாம்ல?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை எனக்குப் பிடித்துவிடுமோ என்று பயந்து கையை உருவிக்கொண்டேன்.

முதல் பந்திலேயே அவள் என்னை ஏமாற்றினாள். சிரித்துக்கொண்டே இடது பக்கம் பார்த்தாள். பார்க்கக்கூடாத முகத்தை நான் பார்த்துவிட்டேன். அதற்குள் வலது பக்கம் போய்ப் பந்தை வாங்கி, நுனிக்காலில் எழும்பி, வளையத்தில் அலுங்காமல் போட்டாள். அத்தை கைதட்டினாள். அத்தையின் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா அவளைவிடப் பலமாகக் கைதட்டினார். பெற்ற மகள் தோற்பதற்கு ஒரு மனிதன் இப்படிக் கைதட்டுவானா என்று பொங்கிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாவாடை இடுப்பு மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. அது திரும்பினால் நான் திரும்பினேன், அது நின்றால் நான் நின்றேன். தோளை முன்னால் போட்டுத் தேயிலைச் சரிவுப் பக்கத்தை அடைத்து, காண் பக்கத்தைத் திறந்து விட்டேன். அவள் ஓடினாள். ஓடி ஓடிக் கோட்டோரத்துக்கே போய் நின்றாள். அவள் பக்கத்துப் பெண்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் தேடுவார்கள். என் முதுகுதான் தெரியும். விசிலோடு நடுவராக நின்ற மிஸ் "எக்காய், தெக்காய்" என்று சிங்களத்தில் ஒன்று, இரண்டு எண்ண, வேறு வழியில்லாமல் எங்காவது எறிவார்கள். எங்கள் அக்காமார் ஆளுக்கொரு ஓடுகிற நிரையை வைத்துக்கொண்டு அலைந்ததால் அதுவும் எங்கள் கைக்கே வந்தது. எப்போதாவது அவளுக்குப் பந்து போய்ச் சேர்ந்தால் மூன்றடி தள்ளி நின்று கையை உயர்த்தினேன். எறிவதுபோல் பாவனை காட்டுவாள். நான் குதிக்க மாட்டேன். மெய்யாக எறியும்போது மட்டும் குதிப்பேன். பந்து என் விரலில் பட்டு விழும்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், ஓடுகிற வேகத்தில் கோட்டைத் தாண்டிக் காணுக்குள் விழுந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. நான் அவள்மேல் படவில்லை, மிஸ்ஸும் விசில் அடிக்கவில்லை. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். என் மனசுக்குள் கோயில் மணி அடித்தது. அத்தை மகள் கரையேறிச் சேற்றை உதறிவிட்டு, "ஐயோ மதினி, என்னா வேகம்" என்று சிரித்தாள்.

எங்கள் பக்கத்து அக்கா என் காதருகே வந்து, "போதும் புள்ள, சொந்தக்காரப் புள்ளய இப்புடியா" என்றாள். அப்பா கோட்டோரம் வரைக்கும் வந்து, "அம்மாடி, கொஞ்சம் வெலகி நில்லு" என்று கெஞ்சினார். நான் விலகவில்லை. கடைசி விசில் வரைக்கும் அவள் மறுபடி ஒரு பந்துகூடப் போடவில்லை. நாங்கள் ஜெயித்தோம். எங்கள் ஆட்களுக்கே கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

அத்தை களத்துக்குள் இறங்கி வந்தாள். அவள் நடையைப் பார்த்து சனம் வழி விட்டது. பின்னாலேயே அப்பா ஓட்டமும் நடையுமாக வந்து, "அக்கா, சின்னப் புள்ளக்கா, வெளாட்டுன்னா அதுக்குக் கண்ணு மண்ணு தெரியாது, நீ ஒன்னும் மனசுல வச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மூச்சு வாங்க நின்றேன். நெஞ்சு நிறைந்திருந்தது. திட்டட்டும், நாலு பேர் முன்னால் காறித் துப்பட்டும், லொறியில் ஏறிப் போகட்டும். ஹட்டன் பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற என்னை என்னால் பார்க்க முடிந்தது.

அத்தை என்னெதிரே நின்று தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏந்தம்பி, இவ மேல ஏன் கோவிக்கிறே? எம் மகள இது வரைக்கும் எவளும் இப்புடிக் கட்டிப் போட்டதில்ல. கையும் படல, வாயும் தெறக்கல. ஒரு எடத்துல நிறுத்திட்டா பாத்தியா?" அவள் குரல் தணிந்தது. "ஒனக்குத் தெரியாததா. எம் மவன் ஒரு எடத்துல தங்குற பயலா? சம்பளத்தன்னைக்கு டவுனுக்கு எறங்குனா மூணு நாளைக்கு வீடு தெரியாது. எந்தக் கழுதய கட்டி வச்சாலும் தாண்டிட்டுப் போயிருவான்னு நான் தூங்காம கெடந்தேன். இவள தாண்ட மாட்டான்."

சொல்லிக்கொண்டே தன் கொண்டையிலிருந்த செவ்வந்திச் சரத்தை எடுத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் வேறு இடத்துக்குக் கேட்க மாட்டார்கள், எங்கும் அனுப்பவும் மாட்டார்கள். ஓர் அடி பின்னால் வைத்திருந்தால் அவள் கை எட்டியிருக்காது. அன்று முழுக்க என் கால் எத்தனை அடி பின்னால் வைத்தது! அப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று நடுங்கிக்கொண்டு வந்த மனுஷன், கண் கலங்கிச் சிரித்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. என் கால் நகரவில்லை.

அத்தை என் கழுத்தை வளைத்து, வியர்வையில் ஒட்டிய தலைமுடியை விலக்கி, பின்னல் அடியில் பூவைச் சொருகினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் எங்கள் பெண்கள் கைதட்டினார்கள். மிஸ்ஸுக்கு என்ன நடந்தது என்று யாரோ சிங்களத்தில் சொல்ல, அவரும் வந்து என் கையைக் குலுக்கினார். இரண்டு தோட்டத்துச் சனமும் என்னைச் சுற்றி நின்றது. எந்தப் பக்கமும் திறப்பு இல்லை.

சேறு காய்ந்த பாவாடையோடு அத்தை மகள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க அவளைத் தொடாமல் நின்றவள் நான். இப்போது அவள் என்னைத் தொட்டாள்.

"மதினி, வர்ற வருசம் நீங்க எங்க தோட்டத்துக்குத்தானே வெளாடுவீங்க? இனிமே எவளும் என்னைய மறிக்க முடியாது" என்றாள்.

அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. சந்தோஷத்தில்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று யாரும் ஒன்றும் கேட்கவில்லை.